தங்கம் கேட்ட வாத்தியார்

1956-57ஆம் ஆண்டுக்கான சந்தோஷ் கோப்பைக் கால்பந்துப் போட்டி நமது திருவனந்தபுரத்தில்தான் நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் பம்பாயை வீழ்த்திக் கோப்பையைக் கொண்டுபோனது ஐதராபாத். அந்த அணியை உருவாக்கியவர் கோட்டுக்கு வெளியே இருந்தவர். அவர்தான் சையத் அப்துல் ரஹீம். கால்பந்து ரசிகர்களுக்கு ரஹீம் சாகிப்.

1909 ஆகஸ்ட் 17இல் ஐதராபாத்தில் பிறந்தார். இளமையில் உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடினார். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அவர் பயிற்சி அளித்த நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆடுவதை நிறுத்தினாரே தவிர, வாத்தியார் வேலையை அவர் மைதானத்திலும் விடவில்லை. பந்தைத் தனியாக உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, வந்த பந்தை உடனே தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலக்கால்காரன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் பந்தயம் வைத்தார். பார்ப்பதற்கு விளையாட்டு, உண்மையில் பாடம்.

வெற்றியும் தோல்வியும்

இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் டில்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி. நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடிய காலம் அது. அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீம் துவண்டுவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து அரையிறுதிக்குச் சென்ற இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் நாம் எட்டிய உச்சம் அதுவே.

ஜகார்த்தா

1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் புறப்பட்டபோது ரஹீமின் உடல் நலிந்திருந்தது. நுரையீரலில் புற்றுநோய். தம் வேதனையை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்து ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. காயத்தோடு இருந்தவரைத் துணிந்து முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம்.

போட்டியில் இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்ததால், உள்ளூர் மக்களுக்கு நம்மவர்மீது கோபம். இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு ரஹீம் வீரர்களை அழைத்து, மறுநாள் தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று கேட்டுக்கொண்டாராம்.

செப்டம்பர் 4. எதிரே அதே தென் கொரியா. ஒரு லட்சம் பேர் கூடிய மைதானத்தில் எதிரணிக்கே ஆரவாரம். வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மையம் தந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். நமது இரிஞ்ஞாலக்குடைக்காரர் சந்திரசேகரன் பின்வரிசையில் நின்றார். முதல் கோலை ரயில்வே வீரர் பி.கே. பானர்ஜி போட்டார், இரண்டாவது கோல் கட்டுப் போட்ட ஜர்னைல் சிங்குடையது. 2-1. வாத்தியார் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூன் 11இல் ரஹீம் காலமானார். வயது 53. அதன் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் இல்லை. 2024இல் அவர் கதை இந்தியில் திரைப்படமாக வந்த பிறகே இளைஞர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள்.

கோல் போட்டவன் பெயரை ஊர் சொல்லும். சொல்லிக்கொடுத்தவர் பெயரை, படித்த பிள்ளைகள்தாம் சொல்ல வேண்டும்.