சியோங் ஃபாட் ட்ஸே: பினாங்கு நீல மாளிகையைக் கட்டிய வணிகர், அரசுகளிடம் பேர் வாங்கியது எப்படி?

மலேசியாவின் ஜார்ஜ் டவுன் நகரில், லீத் ஸ்ட்ரீட்டில் உள்ள நீல நிற மாளிகையை சினிமா ரசிகர்கள் பலர் திரையில் பார்த்திருப்பார்கள். 2018-இல் வெளியான 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தின் மாஜோங் விளையாட்டுக் காட்சி இங்குதான் எடுக்கப்பட்டது.

இந்த வீட்டைக் கட்டியவர் சீன வணிகர் சியோங் ஃபாட் ட்ஸே (1840-1916). அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை சீனாவின் ராக்ஃபெல்லர் என்று வர்ணித்தன.

இன்று நிறுவனத் தலைவர்கள் மாநாடுகளில் பேசியும் லிங்க்ட்இனில் எழுதியும் தங்களுக்கென ஓர் அடையாளத்தை உருவாக்குகிறார்கள். இதெல்லாம் இல்லாத காலத்தில், ஒரு புலம்பெயர்ந்த வணிகரின் கருத்தை பெய்ஜிங் அரசவையே கேட்டது எப்படி?

வெறுங்கையோடு வந்த பையன்

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் உள்ள டாபு பகுதியில், ஹக்கா இனக் குடும்பத்தில் பிறந்தவர் சியோங். பதின்ம வயதிலேயே கப்பலேறி, டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) பிழைப்பு தேடிப் போனார்.

முதலில் கூலி வேலை, பிறகு ஒரு கடையில் வேலை, அதன்பின் சொந்த வியாபாரம் என்று படிப்படியாக முன்னேறினார். டச்சுப் படைகளுக்கு உணவுப் பொருட்கள் சப்ளை செய்தார். தோட்டங்கள், கப்பல்கள், சுரங்கங்கள் எனத் தொழில் சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் பரவியது. 1880-களில் பினாங்கை முக்கியத் தளமாக ஆக்கிக்கொண்டார்.

காசு வந்தது, மரியாதை வந்ததா?

அங்கேதான் சிக்கல். டச்சு ஆட்சியில் பணக்காரச் சீனரே ஆனாலும், ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில்தான் குடியிருக்க வேண்டும்.

சொந்த நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. சீனர்கள் அனுமதியின்றி வெளிநாடு செல்வதற்கு எதிரான பழைய தடை 1893 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. பாரம்பரியச் சமூக அடுக்கில் வணிகருக்குக் கடைசி இடம்தான்.

ஆக, பெயரும் பதவியும் சியோங்குக்கு வெறும் பகட்டு இல்லை, அவை ஒரு பாதுகாப்பு. அந்தத் தடை நீக்கப்பட்ட அதே 1893-இல், பினாங்கில் சீனாவின் முதல் துணைத் தூதராக அவர் பொறுப்பேற்றார். அடுத்து சிங்கப்பூரில் தூதரகப் பொறுப்பு கிடைத்தது.

விருந்தாளிக்குச் செய்தி சொன்ன வீடு

1890-களின் பிற்பகுதியில் எழத் தொடங்கிய நீல மாளிகையில் 38 அறைகள், 5 முற்றங்கள், 220 ஜன்னல்கள். அமைப்பு சீன முறைப்படி, ஃபெங் ஷுய் பார்த்துக் கட்டப்பட்டது. இரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்தும், தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்தும் வந்தன.

சீன அதிகாரி உள்ளே வந்தால் மரபு தெரியும். ஐரோப்பிய வங்கியாளர் வந்தால் தனக்குப் பழக்கமான நவீனம் தெரியும். சியோங் வாய் திறப்பதற்கு முன்பே வீடு பேசிவிடும்.

அரசவை கேட்ட வணிகர்

சுரங்கம், ரயில்வே கல்விக்காகச் சுமார் 2 லட்சம் டெயில் வெள்ளியை (டெயில் என்பது அன்றைய சீன எடை அளவு) அவர் நன்கொடையாகக் கொடுத்தார். அதையடுத்து அரசவையில் நேரடியாகச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது.

அங்கே அவர் வெறும் நன்கொடையாளராக நிற்கவில்லை. விவசாயம், ரயில்வே, சுரங்கம், தொழிற்சாலை ஆகியவற்றில் சீனா என்ன செய்ய வேண்டும் என்று யோசனைகளை எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டுச் சீனர்களின் முதலீட்டைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் மையம். இதன் பலனாக, வெளிநாட்டுத் துறைமுகங்களின் வர்த்தகத்தை ஆராயும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது.

1904-இல் பினாங்கில் சுங் ஹுவா பள்ளி தொடங்க முன்னின்றார். ஹக்கா, ஹொக்கியன், கான்டனீஸ் எனப் பிரிந்து கிடந்த சமூகத்தில், மாண்டரின் மொழியில் நவீன பாடங்களைச் சொல்லித்தந்த பள்ளி இது.

சொன்னதைச் செய்தும் காட்டினார்

அடுத்தவரை முதலீடு செய்யச் சொல்பவர் முதலில் தன் பணத்தைப் போட வேண்டுமே! 1892-லேயே சீனாவின் யான்டாயில் 'சாங்யூ' ஒயின் ஆலையைத் தொடங்கியிருந்தார். சுமார் 30 லட்சம் டெயில் செலவானதாகக் கூறப்படுகிறது. ஐரோப்பாவிலிருந்து திராட்சைக் கொடிகள் வந்தன, ஆஸ்திரிய நிபுணர் ஒருவர் பணியமர்த்தப்பட்டார்.

பலன் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் சாங்யூ தங்கப் பதக்கங்களை வென்றது. அதே ஆண்டு, மன்னராட்சி போய்க் குடியரசாகியிருந்த சீனாவின் வணிகக் குழுவுக்குத் தலைமை தாங்கி அவர் அமெரிக்கா சென்றார். அப்போது அவருக்கு வயது 75.

பெயருக்குப் பின்னால் அபின்

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சியோங்கின் செல்வத்தில் முக்கியப் பங்கு, காலனி அரசுகளிடமிருந்து அபின், சாராயம் போன்றவற்றின் வரி வசூல் உரிமையைக் குத்தகைக்கு எடுத்ததில் வந்தது.

அன்று அது சட்டப்படியான தொழில். அரசுகளுக்கும் அதில் பெரும் வருமானம். ஆனால் அந்த அபினை வாங்கிப் புகைத்தவர்களில் பலர், அவரைப் போலவே வெறுங்கையோடு கப்பலேறி வந்த சீனக் கூலித் தொழிலாளர்கள். பள்ளிக்கும் கோயிலுக்கும் கொடுத்தது ஊருக்குத் தெரிந்தது. காசு வந்த வழியை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை.

கடைசியில் என்ன மிஞ்சியது?

1916-இல் பட்டாவியாவில் சியோங் காலமானார். டச்சு, பிரிட்டிஷ் அதிகாரிகள் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் திட்டமிட்ட சீன-அமெரிக்க வங்கி, கப்பல் நிறுவனம் ஆகியவை அவர் கையால் முடியவில்லை.

நீல மாளிகை பல வாடகைதாரர்கள் கைக்குப் போய்ப் பாழடைந்தது. 1989-இல் கடைசி மகன் இறந்த பிறகே அது விற்பனைக்கு வந்தது. பாரம்பரிய ஆர்வலர்கள் வாங்கிச் சீரமைத்த அந்த வீட்டுக்கு, 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. இப்போது அது ஒரு ஹோட்டல்.

பதவிகளைத் தந்த மன்னராட்சி அவர் கண்முன்னே 1912-இல் முடிந்துபோனது. டச்சு, பிரிட்டிஷ் ஆட்சிகளும் பின்னர் போய்விட்டன. ஆனால் ஒயின் ஆலையும் பள்ளியும் இன்றும் இயங்குகின்றன. அவர் பேரைக் கேள்விப்படாதவர்களுக்கும் அவை வேலையும் படிப்பும் தருகின்றன.