விளையாடாத பிள்ளையின் பாட்டு

மகாகவி பாரதியார் என்றதும் முறுக்கிய மீசையும், தலைப்பாகையும், எதற்கும் அஞ்சாத கண்களும் தமிழர் நினைவில் எழுகின்றன. அந்தக் கண்கள் ஒரு காலத்தில் அஞ்சி ஒடுங்கியிருந்தவை. எட்டயபுரத்தில் ஒத்த வயதுச் சிறுவர்கள் ஆடித் திரிந்த மாலை வேளைகளில், தந்தையின் கட்டளைக்குப் பயந்து, புத்தகங்களோடு தனித்துக் கிடந்த ஒரு சிறுவனின் கண்கள் அவை. அந்தச் சிறுவனை அறியாமல் அந்தக் கவிஞரை முழுமையாக அறிய இயலாது.

1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியன். வீட்டில் அழைத்த பெயர் சுப்பையா. 1887-இல் தாய் மறைந்தார். குழந்தைக்கு அப்போது ஐந்து வயது. இறப்பு என்பது இன்னதென்று விளங்காத வயது. ஆனால் இல்லாமை என்பது இன்னதென்று உடம்பே உணர்ந்துகொள்ளும் வயது. வளர்ந்த பின்னரும், தம்மை ஏங்கவிட்டுச் சென்ற தாயை அவர் பாட்டில் நினைவுகூர்ந்தார். ஐந்து வயதின் ஏக்கம் அவரை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தந்தை கொடியவர் அல்லர். கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் நாட்டம் மிக்கவர். எட்டயபுரத்தில் பஞ்சாலை நிறுவக் கனவு கண்டவர். மகன் ஆங்கிலம் கற்று, கணிதத்தில் தேர்ந்து, உயர்ந்த உத்தியோகம் பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த விருப்பமே வீட்டில் சட்டமாயிற்று. தெருவிலே ஆடுவதும் தோழரோடு கூடுவதும் விலக்கப்பட்டன. கணக்குப் போட உட்காரவைத்தால் பிள்ளையின் மனம் கணக்கு என்னும் சொல்லுக்கு எதுகை தேடி ஓடியது என்று வரலாறு எழுதியோர் கூறுவர். கேட்பவர் சிரிக்கும் செய்திதான். ஆயினும் அடைபட்ட ஒரு மனம் தான் தப்பிச் செல்லும் வழியைக் கண்டுகொண்ட செய்தியும் அதுவே.

அந்த வீட்டில் ஒரு நிழலும் இருந்தது. தாயைப் பெற்ற பாட்டனார் இராமசாமி ஐயர் பேரனை அன்போடு அணைத்துத் தமிழ்ச் செய்யுளின் சுவையை ஊட்டினார். 1893-இல், பதினோராம் வயதில், எட்டயபுரத்துப் புலவர் அவையில் பாரதி என்னும் பட்டம் கிடைத்தது. விளையாட்டை இழந்த பிள்ளைக்குச் சொல்லே விளையாட்டாக, பெரியவர்களின் பாராட்டே தோழமையாக ஆயிற்று. பாராட்டு அன்பைப் போலவே தோன்றும். ஆனால் பாட்டு நன்றாக அமைந்த நாளில் மட்டுமே அது வரும்.

அதன்பின் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் மனம் ஒட்டாத படிப்பு. 1897-இல், பதினான்காம் வயதில், ஏழு வயதுச் செல்லம்மாளோடு திருமணம். அதற்கு முன்பே ஒரு சிறுமியின்பால் எழுந்த பிள்ளைக் காதல் சொல்லப்படாமலே முடிந்திருந்தது. இதற்கிடையே பஞ்சாலை நொடித்துப் பொருள் போயிற்று. 1898-இல் தந்தையும் மறைந்தார். பதினாறு வயது நிறையுமுன் தாயும், தந்தையும், செல்வமும் இல்லை.

அவரைத் தாங்கியது காசி. அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் தம் வீட்டில் இடம் தந்தனர். கட்டளைக்குப் பதிலாகப் பரிவு கிடைத்த அந்த ஆண்டுகளில் வடமொழியும் இந்தியும் கற்றார், குடுமியை நீக்கினார், மீசையும் தலைப்பாகையும் அப்போது வந்தவை. தமிழர் இன்று சுவரில் மாட்டி வணங்கும் அந்த உருவம் கங்கைக்கரையில் ஓர் அத்தையின் வீட்டில் உருப்பெற்றது.

1904-இல் மதுரை விவேகபாநு இதழில் அச்சேறிய அவருடைய முதற் பாட்டின் பெயர் தனிமை இரக்கம். மரபு வழியில் அமைந்த காதற்பிரிவுப் பாட்டுத்தான். எனினும் அச்சில் உலகைச் சந்திக்க அவர் முதலில் அனுப்பிய சொல் தனிமை என்பதைக் கவிஞர்கள் கருதிப் பார்க்கலாம். அவ்வாண்டே சுதேசமித்திரனில் பணி கிடைத்தது. பின்னர் நிவேதிதா தேவியின் சந்திப்பு. பாரதநாட்டைத் தாயாகக் காணும் கண்ணை அவரிடம் பெற்றதாக உணர்ந்து, 1908-இலும் 1909-இலும் வெளிவந்த தம் பாட்டு நூல்களை அவருக்கே காணிக்கையாக்கினார். நாட்டைத் தாயென்று பாடியவர் அக்காலத்தில் பலர். ஐந்து வயதில் தாயை இழந்தவர் பாடியபோது அச்சொல்லில் வேறொரு வெப்பம் சேர்ந்தது.

1908-இல் ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை சேர்ந்தார். அங்கிருந்து 1910-இல் கனவு என்னும் தன்வரலாற்றுக் கவிதையை வெளியிட்டார். இருபத்தேழு வயதில் ஒருவர் தன்வரலாறு எழுதத் துணிவது அரிது. எழுதினால் வெற்றிகளை அடுக்குவதே வழக்கம். அவர் அடுக்கியவை இழப்புகள்: தோழரின்றித் தவித்த பருவம், கைகூடாத காதல், மனம் ஒட்டாத கல்வி, தந்தை உற்ற வறுமை. தந்தையின் நோக்கம் நல்லதே என்பதை மறைக்கவில்லை. தம் துயரையும் மறைக்கவில்லை. 1911-இல் அரசு அந்நூலைத் தடை செய்தது.

அதே பிள்ளைப் பருவத்தை மற்றொரு முறை சிரித்துக்கொண்டே எழுதினார். சின்னச் சங்கரன் கதை என்னும் முற்றுப்பெறாத அந்தக் கதையில் ஜமீன் சபையும், அங்கே சிக்கிய சிறுவனும் எள்ளலாக மிளிர்கின்றனர். அதை வெளியிட்டது ஞானபாநு இதழ். அவ்விதழை 1913-இல் தொடங்கி நடத்திய சுப்பிரமணிய சிவா, சிறை தந்த தொழுநோயோடு ஊர் ஊராக அலைந்து, இறுதியில் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று கண்மூடினார். பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து மக்களுக்கு அவ்வூர் அயலூர் அன்று. பாரதியாரின் பிள்ளைப் பருவக் கதையை உலகுக்குத் தந்த கைகள் இம்மாவட்டத்து மண்ணில்தான் அடங்கின.

பின்வந்த மனநூலார் இத்தகைய வாழ்க்கைகளை ஆராய்ந்துள்ளனர். ஆங்கில மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில், இளம் வயதில் இடையறாத தாயன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று நிறுவ முயன்றார். 1998-இல் அமெரிக்காவில் ஃபெலிட்டி, அண்டா ஆகியோரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைப் பருவத்துத் துன்பங்கள் கூடக் கூட வளர்ந்தபின் மனச்சோர்வும் போதைப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் மிகுதியாகக் காணப்படுவதைக் காட்டியது. இது பலரைச் சேர்த்துப் பார்த்தபோது தெரியும் போக்கு. தனியொருவரின் தலையெழுத்து அன்று. அன்புள்ள ஒரு பெரியவரின் துணை இருந்தால் கேடு குறையும் என்பதும் பின்னைய ஆய்வுகளின் முடிவு. மறைந்த கவிஞருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையன்று. ஆனால் பாட்டனாரும், அத்தையும், நிவேதிதா தேவியும் அவர் வாழ்வில் என்னவாக இருந்தனர் என்பதை அறிய இவ்வாய்வுகள் உதவுகின்றன.

காயம் முழுதும் ஆறிவிடவில்லை. நாடிழந்த பத்தாண்டுகள், வறுமை, ஒற்றர்களின் தொல்லை ஆகியவற்றினிடையே அவர் போதைப் பொருளை நாடியதை அவரோடு பழகியவர்களே எழுதியுள்ளனர். அந்நாட்களின் சுமையைச் செல்லம்மாள் சுமந்தார். துன்பம்தான் கவிஞனை ஆக்குகிறது என்று மேடைகளில் முழங்குவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. துன்பம் அவருக்குத் தந்தது அச்சத்தையும் ஏக்கத்தையும். மொழியைத் தந்தது அன்பு செய்தவர்களின் மடி.

அந்த மொழியைக் கொண்டு அவர் செய்தது வியப்புக்குரியது. கண்ணன் பாட்டில் ஒரே தெய்வத்தைத் தோழனாக்கினார், தாயாக்கினார், தந்தையாக்கினார், குழந்தையாக்கினார். அங்கே தாய் கதை சொல்லி, உலகையே விளையாட்டுப் பொருளாக்கித் தருகிறாள். எட்டயபுரத்து வீட்டில் இல்லாத உறவுகள் யாவும் ஒவ்வொன்றாக அந்நூலில் வந்து சேர்கின்றன. தெருவாட்டம் மறுக்கப்பட்டவர், ஊர்ப் பெண்களையெல்லாம் அலைக்கழிக்கும் ஓயாத குறும்பனைப் பாடினார்.

அதனினும் பெரிது பாப்பாப் பாட்டு. இளைய மகள் சகுந்தலாவை வீட்டில் பாப்பா என்றே அழைத்தனர். 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட அப்பாட்டு, குழந்தையிடம் முதலில் கேட்பது படிப்பை அன்று, ஓட்டத்தையும் ஆட்டத்தையும். அடுத்துக் கேட்பது பிற குழந்தைகளோடு கூடுதலை. படிப்பையும் அவர் விலக்கவில்லை. காலையை அதற்குக் கொடுத்து, மாலை முழுவதையும் விளையாட்டுக்கு ஒதுக்கினார். தந்தை தந்ததில் நல்லதை வைத்துக்கொண்டார். தந்தை தராததைத் தம் குழந்தைக்குத் தந்தார். தாம் பெற்ற துயரை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றாமல் தம்மோடு நிறுத்திக்கொள்வது எளிய செயல் அன்று. மனநூலாரின் ஆய்வுகள் பிறக்குமுன்பே ஒரு தகப்பன் அதைப் பாட்டாகச் செய்துவிட்டான்.

1921 செப்டம்பர் 11 நள்ளிரவை ஒட்டித் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். முப்பத்தெட்டு ஆண்டு வாழ்வு. இறுதி ஊர்வலத்தில் நடந்தவர் இருபதின்மர்கூட இல்லை என்பர். தனிமையில் தொடங்கிய வாழ்வு தனிமையில் முடிந்ததாக அன்று தோன்றியிருக்கும். ஆனால் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கைகோத்து அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார்கள். எட்டயபுரத்துச் சிறுவனுக்கு அன்று மறுக்கப்பட்ட விளையாட்டுக் கூட்டம் அதுதான். பாட்டு முடிந்ததும் அக்குழந்தைகளை வெளியே ஓடவிடுவது பெரியவர்களின் கடமை.