விண்ணொலி கேட்ட யான்ஸ்கி

தொலைநோக்காடி என்றதும் கலிலியோவை நினைவுகூரும் நம் மாணவர்கள், வானொலி வானியலைக் கற்கப் புகுங்கால் முதற்கண் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் கார்ல் யான்ஸ்கி என்பதாம்.

இவர் 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லகோமாப் பகுதியிற் பிறந்தார். தந்தையார் மின்பொறியியற் பேராசிரியர். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்று, 1928இல் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் அமர்ந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து செல்லும் வானொலித் தொலைபேசிப் பேச்சைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகின்றதெனக் கண்டறிவதே அவருக்கு இட்ட பணி.

இதன்பொருட்டு நியூ ஜேர்சியிலுள்ள ஹோம்டெல் என்னுமிடத்தில், ஏறத்தாழ 30 மீற்றர் நீளமான ஏரியல் ஒன்றை யான்ஸ்கி நிறுவினார். போர்ட் மோட்டார் வண்டிச் சக்கரங்கள் மீது அமைந்த அது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இராட்டினம் போலச் சுற்றி வந்து, 14.6 மீற்றர் நீள அலைகளை எத்திசையினின்றும் ஏற்றது. அண்மையிலுள்ள இடிமுழக்கம் ஒருவகை இரைச்சலையும், சேய்மையிலுள்ளது வேறொருவகை இரைச்சலையும் தந்தன. இவற்றுள் அடங்காது, மெல்லிய சீறலொலி ஒன்றும் இடையறாது கேட்டது.

இட்ட பணிக்கு முதலிரண்டுமே போதுமானவை. ஆயினும் யான்ஸ்கி மூன்றாவதை விடவில்லை. ஞாயிற்றினின்று வருவதோவென முதலில் எண்ணினார். ஆனால், அவ்வொலி உச்சமடையும் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 4 நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று நிறைவெய்தியது. அஃது நட்சத்திர நாளின் அளவன்றோ! எனவே ஒலியின் பிறப்பிடம் பூமியுமன்று, ஞாயிறுமன்று. விண்மீன்களிடையே நிலைபெற்ற ஓரிடம். தனு இராசியில், பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் திசையே அது. 1933ஆம் ஆண்டு மே 5ஆந் திகதி நியூயோர்க் ரைம்ஸ் இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது.

மேலும் ஆராய 30 மீற்றர் அகலக் கிண்ண ஏரியல் ஒன்று வேண்டுமென யான்ஸ்கி விரும்பினார். அது கைகூடவில்லை, வேறு பணிகள் அவரை ஈர்த்துக்கொண்டன. இதற்காகத் தொலைபேசிக் கம்பனியைக் குறைகூறுவார் உளர். பொருளாதார மந்தம் நிலவிய அந்நாளில், தடுக்கவியலாத விண்ணொலிக்கு ஒரு வர்த்தகக் கம்பனி பணஞ் செலவிடுமென எதிர்பார்த்தல் பொருந்தாதென்பதே நம் கருத்து. வாளாவிருந்த வானியலாருக்கே அக்குறை பெரிதும் உரியது. 1937இல் வீற்றன் நகரிலே தம் வீட்டருகே, சொந்தப் பணத்தில் 9 மீற்றருக்கு மேற்பட்ட அகலமுடைய கிண்ண ஏரியலை அமைத்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்த குரோட் றேபரும் வானொலிப் பொறியியலாளரே.

மாணவப் பருவம் முதலே சிறுநீரக நோயால் வருந்திய யான்ஸ்கி, 1950ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி, 44ஆம் வயதிற் காலமானார். வானொலி வானியலுக்கு முதல் நோபெற் பரிசு கிடைத்தது 1974இலேயாம். அதற்கு முந்திய ஆண்டில், விண்ணிலிருந்து வரும் வானொலிச் சத்தியை அளக்கும் அலகுக்குச் சர்வதேச வானியற் சங்கம் இவர் பெயரைச் சூட்டியது. ஒரு சதுர மீற்றரில், ஒரு ஹேட்ஸ் அகல அலைவரிசையில் விழும் சத்தி, ஓர் உவாற்றை 10இன் 26ஆம் அடுக்கால் வகுத்த அளவினதாயின் அதுவே ஒரு யான்ஸ்கி.