முன்னோக்கி அமர்ந்த படகோட்டி

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

1825ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள். படைவீரர்களை ஏற்றிக்கொண்டு வங்காளம் நோக்கி வந்த 'கெண்ட்' என்னும் ஆங்கிலக் கப்பல், பிஸ்கே விரிகுடாவில் தீப்பற்றி எரிந்தது. 'கேம்பிரியா' என்ற சிறு கப்பல் காப்பாற்றிய ஐந்நூறுக்கும் மேற்பட்டோருள், பிறந்து ஐந்து வாரமே ஆன ஒரு கைக்குழந்தையும் உண்டு. கப்பலிலே பிழைத்த அக்குழந்தைதான் பிற்காலத்தில் ஓடத்தால் பெயர் பெற்ற ஜான் மெக்கிரிகர்.

ஸ்காட்லாந்துக் குடியைச் சேர்ந்த படை அதிகாரியின் மகன் அவர். டப்ளினிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். கணிதத்தில் சிறந்தார். வழக்கறிஞரானார், ஆனால் அத்தொழிலை நம்பி வாழ வேண்டிய நிலை அவருக்கில்லை. பணக்கட்டச் சொல்லும் அறிவிப்பைக் கண்டு கலங்கும் நம்மைப் போன்றோர் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம். எனினும் 1851இல் லண்டன் தெருச் சிறுவர்களுக்குக் காலணி துடைக்கும் தொழிலை ஏற்படுத்தித் தந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டும்.

துப்பாக்கி சுடுவதில் அவருக்கு விருப்பம் மிகுதி. ஒரு ரயில் விபத்துக்குப் பின் துப்பாக்கியை அசையாமல் பிடிக்க முடியாமற்போயிற்று. கவனம் படகின் பக்கம் திரும்பியது. வட அமெரிக்கப் பயணத்தில் பழங்குடி மக்களின் ஓடங்களை அவர் கண்டிருந்தார். 1865இல் லண்டனில் ஓர் ஓடம் செய்வித்தார். ஓக் மரத்தாலானது, நீளம் 15 அடி, எடை 80 பவுண்டு. 'ராப் ராய்' என்று தம் குலத்து வீரனின் பெயரையே அதற்கு இட்டார்.

இனி அவர் அமர்ந்த முறையைப் பாருங்கள். அந்நாளில் இங்கிலாந்தில் தண்டு வலிப்பவர் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, போகும் திசைக்கு முதுகைக் காட்டியே வலிப்பார். முன்னே பாறை வந்தாலும் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்! மெக்கிரிகர் பலகையையே நீக்கிவிட்டார். ஓடத்தின் அடித்தளத்தில் காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, முன்னோக்கி அமர்ந்தார். ஏழடி நீளமுள்ள துடுப்பின் இரு முனையிலும் அலகு. இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட்டார்.

இதன் காரணம் நம் வகுப்பறைப் பாடம்தான். தண்டு, படகின் ஓரத்தையே தாங்குபுள்ளியாகக் கொண்ட நெம்புகோல். அதற்கு இருபுறமும் இடம் வேண்டும். இருதலைத் துடுப்போ எதிலும் மாட்டப்படாமல் கைகளிலேயே இருப்பதால் குறுகிய ஓடையிலும் செல்லும். கீழே அமர்வதால் ஈர்ப்பு மையம் தாழ்கிறது. ஓடம் எளிதில் கவிழாது. பரிசல் போடும் என் தந்தையிடம் இதைச் சொன்னேன். கீழே உட்காராமல் வேறெப்படி என்று கேட்டுவிட்டார்!

ஆற்றில் தடை குறுக்கிட்டால் மெக்கிரிகர் வேறொன்று செய்வார். பின்பக்க மேல்தட்டின்மீது குதிரை ஏறியவர்போல் அமர்ந்து, கால்களை நீரில் தொங்கவிடுவார். பின்புறம் தாழ, மூக்கு மேலெழும். ஓடம் தடைமேல் ஏறிவிடும்.

அவ்வாண்டே ரைன், டான்யூப், செய்ன் முதலிய ஆறுகளில் சுற்றினார். ஆறில்லாத இடங்களில் ஓடம் ரயிலிலும் வண்டியிலும் சென்றது. 1866இல் வெளியான பயண நூலைக் கண்டு பலர் ஓடம் வாங்கினர். அவ்வாண்டிலேயே ஓடச் சங்கமும் தோன்றியது. 1868-69இல் யோர்தான் ஆற்றுக்குச் சென்றபோது ஹூலா சதுப்பு நிலத்து அரபு மக்கள், அவர் உள்ளே அமர்ந்திருக்கவே ஓடத்தைத் தூக்கிச் சென்று தலைவனிடம் நிறுத்தினர். அஞ்சாமல் பேசி மீண்டார்.

1892இல் அவர் மறைந்தார். ஓட விளையாட்டின் தந்தை என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, வடதுருவத்து இனுயிட் மக்கள் தோலால் மூடிய ஓடத்தில் இவ்வாறே காலை நீட்டி அமர்ந்து, இருதலைத் துடுப்புப் போட்டு வேட்டையாடினர். அவர்களுள் முதலில் அப்படி அமர்ந்தவர் யார்? பெயரில்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் இவ்வகைப் போட்டிகள் சேர்ந்தபோது இட்ட 'கே' என்னும் குறி மட்டும், அம்மக்களின் ஓடமாகிய 'கயாக்' என்ற சொல்லின் முதலெழுத்து.