சீற்றத்தைத் தணித்த அணித்தலைவர்

விளையாட்டு வீரர் ஒருவர் மீது மக்கள் வைக்கும் அன்பு, சில வேளைகளில் அவரையும் மீறிய சக்தியாகிவிடுகின்றது. அவ்வேளையில் அவர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதே அவரது பெருமையைத் தீர்மானிக்கின்றது. கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர் மொறிஸ் றிச்சாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றென நாம் கருதுகின்றோம்.

1921 ஓகஸ்ட் 4ஆம் திகதி மொன்றியல் நகரில் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்த றிச்சார், 1942இல் மொன்றியல் கனேடியன்ஸ் அணியில் இணைந்தார். எலும்பு முறிவுகளால் தொடக்கத்திலேயே துன்புற்ற அவர், 1944-45 பருவகாலத்தில் 50 போட்டிகளில் 50 கோல்களை அடித்து, அதற்கு முன் எவரும் எட்டாத சாதனையை நிலைநாட்டினார்.

கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழி பேசுவோரே பெரும்பான்மையினர். ஆயினும் அக்காலத்தில் வர்த்தகமும் உயர்பதவிகளும் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் வசமே இருந்தன. எனவே, றிச்சாரின் ஒவ்வொரு கோலையும் அம்மக்கள் தமது வெற்றியாகவே கொண்டாடினர்.

1955 மார்ச் 13ஆம் திகதி பொஸ்ரன் நகரில் நடைபெற்ற போட்டியில் எதிரணி வீரரின் மட்டை பட்டுத் தலையில் காயமுற்ற றிச்சார், அவ்வீரரை மட்டையால் தாக்கியதுடன் துணை நடுவர் ஒருவரையும் கையால் குத்தினார். தேசிய ஹொக்கி லீக்கின் தலைவர் கிளரன்ஸ் கம்பெல், அப்பருவகாலத்தின் எஞ்சிய போட்டிகள் அனைத்திலும் விளையாட அவருக்குத் தடை விதித்தார். பிரெஞ்சு மொழி பேசுவோர் இதனைப் பாரபட்சமெனக் கண்டனர். மார்ச் 17ஆம் திகதி கம்பெல் மொன்றியல் அரங்கிற்கு வந்தபோது கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது, போட்டி கைவிடப்பட்டது, வீதியில் கடைகள் நொறுக்கப்பட்டன.

மறுநாள் றிச்சார் வானொலியில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசினார். தண்டனையைத் தாம் ஏற்பதாகவும், அடுத்த ஆண்டு திரும்பி வந்து கிண்ணத்தை வெல்ல உதவுவதாகவும் கூறி, அமைதி காக்குமாறு வேண்டினார். நகரம் அடங்கியது. அத்தடையினால், அதிக புள்ளிகள் பெறும் வீரருக்கான விருதை ஒரேயொரு புள்ளியால் இழந்தார். அவ்விருது அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

ஆனால், வாக்குத் தவறவில்லை. 1956 தொடக்கம் 1960 வரை கனேடியன்ஸ் அணி தொடர்ந்து ஐந்து முறை ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. அவற்றுள் இறுதி நான்கிலும் அவரே அணித்தலைவர். 544 கோல்களுடன் 1960இல் ஓய்வுபெற்ற அவர், 2000 மே 27ஆம் திகதி காலமானார். ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அஞ்சலி செலுத்த, கியூபெக் அரசு அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிக்கிரியை நடத்தியது.

தமக்காக எழுந்த மக்களின் சீற்றத்தைத் தமக்குச் சாதகமாக்க றிச்சாரினால் முடிந்திருக்கும். அதனைச் செய்யாது, தமது தவறுக்கான விலையைத் தாமே செலுத்த முன்வந்தார். அணித்தலைவர் பதவி பின்னரே அவரைத் தேடி வந்தது. தலைமைத்துவமோ அந்த வானொலி உரையிலேயே வெளிப்பட்டுவிட்டது என்பதே எமது கருத்தாகும்.