1780-ல் இறந்த ராணி... இன்றும் அச்சாகும் வெள்ளி நாணயம்! யார் இந்த மரியா தெரசா?

வெள்ளி நாணயம் சேர்ப்பவர்கள் பலரிடம் 1780 என ஆண்டு பொறித்த ஒரு நாணயம் இருக்கும். அதில் இருப்பது மரியா தெரசாவின் முகம்.

1717-ல் வியன்னாவில் பிறந்தவர். தந்தை ஆறாம் சார்லஸ் 1740-ல் இறந்ததும், 23 வயதில் ஆட்சிக்கு வந்தார். பெண் வாரிசை ஏற்க மாட்டோம் என அக்கம்பக்கத்து அரசர்கள் கிளம்பினர். அதே ஆண்டு பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் சைலீசியாவுக்குள் படையோடு புகுந்தார். அந்தப் பகுதி போனது போனதுதான். ஆனால், மற்ற பகுதிகளில் பெரும்பாலானவற்றைப் போராடிக் காப்பாற்றினார்.

16 குழந்தைகளுக்குத் தாய். பிரான்ஸ் ராணி மேரி அன்டோனெட் இவருடைய மகள்தான். 1774-ல் கட்டாயப் பள்ளிக் கல்வியைக் கொண்டுவந்தார்.

சுமார் 28 கிராம் எடை, அதில் 23.4 கிராம் சுத்த வெள்ளி. இந்த 'தாலர்' நாணயத்தை அரேபியா, எத்தியோப்பியா வியாபாரிகள் அப்படி நம்பினார்கள். அதனால் ராணி இறந்த பிறகும் அதே முகம், அதே 1780 என அச்சடிப்பு தொடர்ந்தது. வியன்னா மட்டுமல்ல, ரோம், லண்டன், ஏன், 1940-களின் தொடக்கத்தில் நம்ம பம்பாய் நாணயச்சாலையிலும் அச்சானது!

எனவே, 1780-னு இருக்கே, 'பழங்கால நாணயம்' என யாராவது கூடுதல் விலை சொன்னால் உஷார். ஆண்டைப் பார்த்து ஏமாறாமல், வெள்ளி எடையை முதலில் கணக்குப் போடுங்கள்.