தீவின் ஒளியைத் தேடிய லயனல் வென்ட்

கொழும்பு மாநகரில் கல்வி பயிலும் மாணவியருள் லயனல் வென்ட் என்னும் பெயரைக் கேளாதவர் இலர் எனலாம். நாடகம் என்றாலும், நடனம் என்றாலும், இசை நிகழ்ச்சி என்றாலும் அந்த அரங்கின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். பாடசாலைகளுக்கிடையிலான நாடகப் போட்டி ஒன்றைப் பார்ப்பதற்காக எங்கள் வகுப்பு மாணவியர் அங்கே சென்றிருந்தபோது, வாயிலில் வரிசையாக நின்ற எங்களிடம் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதே அக்கேள்வி. ஒருத்தி பழைய தேசாதிபதி என்றாள். இன்னொருத்தி நாடக ஆசிரியர் என்றாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அடுத்த வாரத்துக்குள் விடை தேடி வரும்படி ஆசிரியை பணித்தார். ஒரு வாரத்தில் முடியவேண்டிய அந்த வேலை ஒரு தவணை முழுவதும் நீண்டு, இக்கட்டுரையாக வளர்ந்தது.

லயனல் வென்ட் 1900 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். பறங்கியர் இனத்தைச் சேர்ந்த தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கியவர். வழக்கும் தீர்ப்புமாக வாழ்ந்த அவருக்கு ஒளிப்படம் பிடிப்பதிலும் ஆர்வம் இருந்தது. அக்காலத்தில் கொழும்பில் தோன்றிய ஒளிப்பட ஆர்வலர் சங்கத்தின் ஆரம்ப உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். மகன் சிறுவனாக இருந்தபோதே தந்தையார் காலமானார். கமராவின் மீதுள்ள ஆசையை மட்டும் மகனுக்கு விட்டுச்சென்றார் போலும்.

அந்நாளைய செல்வக் குடும்பங்களின் வழக்கப்படி லயனல் சட்டம் படிப்பதற்கு இலண்டன் அனுப்பப்பட்டார். அங்கே அவர் சட்டத்தையும் படித்தார், பியானோவையும் படித்தார். இரண்டில் எதற்கு அதிக நேரம் செலவிட்டார் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1924 ஆம் ஆண்டு சட்டத்தரணியாகத் தாயகம் திரும்பியவர், சிறிது காலத்திலேயே நீதிமன்றத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பியானோவின் முன் அமர்ந்துவிட்டார். எங்களில் ஒருத்தி இவ்வாறு செய்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தோம். அதை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

கறுவாத்தோட்டத்தில் கில்ஃபோட் கிரெசென்ட் என்னும் வீதியில் அவருடைய வீடு இருந்தது. புத்தகங்களும் இசைத்தட்டுகளும் ஓவியங்களும் நிறைந்த வீடு. 1929 ஆம் ஆண்டு சிலி நாட்டின் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைக் கடற்கரையில் தனிமையில் வாடிக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு இந்த வீட்டிலிருந்தே வாரந்தோறும் சாக்கு நிறையப் புத்தகங்கள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தன. பின்னாளில், 1971 இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெருடாவே அந்த இளைஞர். தம் நினைவு நூலில் அவர் வென்டை நன்றியோடு குறிப்பிட்டுள்ளார்.

1930 களின் தொடக்கத்திலேயே வென்ட் கமராவை முழு மனத்தோடு கையில் எடுத்தார். அதற்கு முன் இலங்கையின் இயற்கைக் காட்சிகளை யாரும் படம் பிடிக்கவில்லையா என்று வாசகத் தோழியர் கேட்கலாம். நிறையவே பிடித்தார்கள். ஸ்கீன், ஸ்கோவன், பிளாத்தே ஆகிய ஐரோப்பியரின் நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கொழும்பிலும் கண்டியிலும் கடை விரித்துவிட்டன. வளைந்த தென்னை, பேராதனைத் தோட்டத்து மூங்கில், ஆற்றில் குளிக்கும் யானை, தேயிலை மலை. கப்பலில் வந்து இறங்கும் பயணிகள் வாங்கிச் செல்வதற்காக எடுக்கப்பட்டவை அப்படங்கள். அழகானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் யாரோ ஒருவர் தூரத்தில் நின்று எங்கள் வீட்டை எட்டிப்பார்ப்பது போன்ற உணர்வு எங்களுக்கு ஏற்பட்டது.

இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரும் 1875 ஆம் ஆண்டு கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறி, 1879 இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்கு முன் படம் எடுத்துக் கழுவவேண்டிய முறை அவருடையது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவையும் பெரும்பாலும் இந்நாட்டு மனிதரின் படங்களே.

வென்டின் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. ஜேர்மனியில் 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறிய கமரா, சினிமா பிலிமிலேயே படம் பிடிக்கக்கூடியது. ஒரு சுருளில் 36 படங்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மலையிலும் ஏறலாம், வள்ளத்திலும் போகலாம். வென்டின் கைக்கு மிகவும் இசைந்த கருவி அதுதான்.

ஆனால் கருவி மட்டும் போதுமா? போதாது என்பதை நாங்கள் சொந்த அனுபவத்தில் அறிந்தோம். பாடசாலைச் சுற்றுலாவின்போது தென்கரையில் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். தோழி ஒருத்தி தன் தந்தையாரின் கமராவைக் கொண்டுவந்திருந்தாள். மதிய உணவை முடித்துக்கொண்டு, தென்னைகளின் கீழ் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து, அழகாக வரிசையில் நின்று படம் எடுத்தோம். படங்கள் வந்தபோது கடல் வெள்ளைத் தாளாகவும் எங்கள் முகங்கள் கரிச்சட்டியாகவும் இருந்தன. யார் யார் எங்கே நின்றோம் என்பதைப் பின்னலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் எங்கள் தீவின் சூரியனே. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. மற்ற மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை. மணலும் அலையும் கண்ணைக் கூசவைக்கும். பத்தடி தள்ளி மரத்தடியில் நிழலோ கும்மிருட்டு. மனிதக் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், பிலிமால் இயலாது. குளிர் நாடுகளில் மாலை வெளிச்சம் நெடுநேரம் தங்கி நிற்கும் என்கிறார்கள். இங்கே பொழுது சாய்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் இங்கே தோற்றுப்போவதில் வியப்பில்லை.

வென்ட் இந்தக் கடும் வெளிச்சத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை, அதையே தம் கையாளாக ஆக்கிக்கொண்டார். அவருடைய படங்களில் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. தென்னையின் அடிமரம் கரிய கோடாக வானத்தைக் கிழித்துச் செல்லும். வலை இழுக்கும் மீனவரின் முதுகில் வெயில் வழுக்கி ஓடும். பருவமழைக்கு முந்திய மேகம் குளத்தின் மேல் கவிந்து கிடக்கும். நிழலைக் குறையாக எண்ணாமல் படத்தின் பாதியாக எண்ணினார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. பியானோ வாசித்தவர் அல்லவா? கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும் அவருக்குப் பழக்கமானவையே.

படம் எடுப்பது பாதி வேலை, மீதி இருட்டறையில். வெப்ப நாட்டில் இருட்டறை வேலை பெரும் தொல்லை. பிலிமைக் கழுவும் திரவம் 20 பாகை செல்சியஸில் இருப்பது நல்லது என்பார்கள். கொழும்பில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடானது. சூடு மிகுந்தால் பிலிமின் மேலுள்ள ஜெலற்றின் பூச்சு இளகிக் கெடும். ஆகவே ஐஸ்கட்டி வைத்துக் குளிராக்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் முடித்துப் பத்திரமாக வைத்தாலும் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவு தொல்லைக்கு நடுவிலும் வென்ட் புதிய புதிய சோதனைகளைச் செய்துகொண்டே இருந்தார். படம் பாதி தோன்றிவரும் நிலையில் ஒரு கணம் விளக்கைப் போட்டுவிட்டால், வெளிச்சமும் இருளும் ஓரளவு இடம் மாறி, உருவத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தோன்றும். சோலரைசேஷன் என்பது இதன் பெயர். அவர் இதில் வல்லவர். விமர்சகர்கள் இத்தகைய படங்களை மிகவும் போற்றுகிறார்கள். எங்களுக்கோ அவை சற்று அச்சமூட்டின. எவ்வித வித்தையும் இல்லாத கடற்கரைப் படங்களையே நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

1934 ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காகப் படம் எடுக்க இங்கிலாந்திலிருந்து பசில் றைட் என்னும் இளம் இயக்குநர் வந்தார். தேயிலையை விளம்பரப்படுத்த வந்தவர் தீவையே படமாக்கிக்கொண்டு போனார். இலங்கையின் கீதம் எனப் பொருள்படும் பெயர் கொண்ட அப்படம் காட்டின் இலைகளோடு தொடங்கி, சிவனொளிபாத மலையில் ஏறும் யாத்திரிகரோடு மேலே செல்கிறது. நாட்டைச் சுற்றிக் காட்டி உதவியவர் வென்ட். கண்டி இராச்சியத்தில் சுமார் இருபது ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளே படத்தின் விளக்கவுரையாக அமைந்தன. அவற்றை வாசித்த குரலும் வென்டின் குரல்தான். 1935 இல் பிரசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் அப்படம் முதற் பரிசு பெற்றது. அவர் பிடித்த படங்களை ஏட்டில் மட்டுமே காணமுடிகிறது. ஆனால் அவருடைய குரலை இன்றும் கேட்கலாம் என்பது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

1938 இல் இலண்டனில் அவருடைய படங்களைத் தனியே வைத்துக் கண்காட்சி நடந்தது. புகழ் தேடி வந்தபோதும் அவர் தமக்காக மட்டும் உழைக்கவில்லை. நண்பரோடு சேர்ந்து ஒளிப்படச் சங்கம் அமைத்தார். கண்டி நடனக் கலைஞரை ஆதரித்தார். பழைய முறை ஓவியத்தையே வரையவேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்குள் அடங்காத இளம் ஓவியரைத் தம் வீட்டில் கூட்டினார். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ரிச்சர்ட் கப்ரியல், மஞ்சுசிறி முதலியோர் அடங்கிய அந்தக் குழு 1943 ஓகஸ்ட் மாதம் அவ்வீட்டிலேயே உருவாயிற்று. நாற்பத்து மூன்று குழு என்று அதற்குப் பெயர்.

அடுத்த ஆண்டு டிசெம்பர் 19 ஆம் திகதி லயனல் வென்ட் திடீரெனக் காலமானார். நாற்பத்து நான்காவது பிறந்தநாள் கழிந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன.

இதன்பின் நடந்ததைப் படித்தபோது எங்களுக்கு மனம் தாங்கவில்லை. அவருடைய மரணத்துக்குப் பின் அவரது நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. நெகற்றிவ் இருந்தால் எத்தனை பிரதியும் எடுக்கலாம். அது போய்விட்டால் கையிலிருக்கும் தாளே முதலும் முடிவும். அவர் கண்ட கடற்கரைகளும் குளங்களும் இன்று வேறு விதமாகிவிட்டன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தென்கரையின் சில இடங்களை அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டது. அவற்றை மறுபடியும் அதே நிலையில் படம் எடுக்க எவராலும் இயலாது.

நல்லவேளையாக, அவர் தம் கையால் அச்சிட்ட படங்கள் பல நண்பரிடம் எஞ்சியிருந்தன. 1950 இல் இலண்டனில் அவருடைய இலங்கைப் படங்கள் பெரிய நூலாக வெளிவந்தன. அவர் வாழ்ந்த வீடு இருந்த இடத்திலேயே ஞாபகார்த்த நிலையம் எழுந்து, 1953 இல் அரங்கு திறக்கப்பட்டது. அவர் பிறந்து நூறாண்டு நிறைவை ஒட்டி 2000 ஆம் ஆண்டில் இன்னொரு நூல் வந்தது. 2017 ஆம் ஆண்டு ஏதென்ஸ், காசெல் ஆகிய நகரங்களில் நடைபெற்ற டொக்யுமென்டா என்னும் உலகப் புகழ் பெற்ற கலைக் கண்காட்சியிலும் அவருடைய படங்கள் இடம்பெற்றன.

அந்த நூலை ஒரு நூலகத்தில் தேடிப் பிடித்தோம். இரவல் தரமாட்டார்கள், அங்கேயே இருந்து பார்க்கவேண்டும். நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினோம். நூலகம் மூடும் நேரம் வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. மீதிக்காக அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனோம். கமரா கொண்டுவந்த தோழி இப்போதெல்லாம் மதியத்தில் படம் எடுப்பதில்லை. காலை ஆறரை மணிக்கே கடற்கரைக்குப் போகவேண்டும் என்கிறாள். வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி